சென்னியப்பனின் ஓசை

கரட்டுப்பாளையத்தில் விழுங்கிய மாத்திரைகள் கரையாமல் வயிற்றுக்குள்ளேயே கிடந்து ஓசை எழுப்பத் தொடங்கியது எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள், மழை ஏமாற்றிய வருஷம் என்பார் ஒருவர், கொப்பரை விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷம் என்பார் இன்னொருவர், ஆனால் அந்த ஓசை முதலில் யார் உடம்பிலிருந்து வந்தது என்பதில் மட்டும் அந்த ஊரில் இரண்டு பேச்சு கிடையாது. அது சென்னியப்பன். ஒரு நாள் காலை கட்டிலை விட்டு இறங்கி நாலெட்டு வைத்தவர் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார், யாரையும் காணோம், மறுபடி நடந்தார், மறுபடி கடகடவென்று கேட்டது, நின்றார், அதுவும் நின்றது. அவர் மனைவி தெய்வாத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, பையில் என்னத்தைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் வெறும் வேட்டியோடுதான் நின்றிருந்தார்.

வேறு ஊராக இருந்தால் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூருக்கு ஓடியிருப்பார்கள். கரட்டுப்பாளையம் கொப்பரை ஊர். முழுக் கொப்பரைக்கென்று பரணில் போட்டு வைக்கிற தேங்காயை மாதக்கணக்கில் தொடாமல் விட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்து, உள்ளே பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று கடகடத்தால் காய் பக்குவம் என்று ஒரு பக்கமும், சத்தமே இல்லாவிட்டால் அழுகல் என்று இன்னொரு பக்கமும் வீசியே பிழைத்த ஜனங்கள் அவர்கள். ஆகவே சென்னியப்பன் கடகடவென்று தெருவில் நடந்து வந்தபோது, களத்தில் காய் ஆட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, பெரியவர் நல்ல பக்குவத்துக்கு வந்துவிட்டார் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒருவரும் ஆராயப் போகவில்லை.

அப்புறம் ஒவ்வொரு வீடாக ஓசை வந்தது. சர்க்கரைக்காரர்கள், ரத்தக்கொதிப்புக்காரர்கள், தூக்கத்துக்கு விழுங்குகிறவர்கள், எதற்கென்றே மறந்துபோன பிறகும் விழுங்குகிறவர்கள், எல்லோரும் கடகடத்தார்கள். எல்லா மாத்திரையும் சத்தம் போட்டுவிடாது, உடம்புக்கு வேண்டியது பேசாமல் கரைந்துவிடும், வேண்டாததாக இருந்து உடம்பை உபத்திரவம் பண்ணுகிறதுதான் உள்ளே கிடந்து உருளும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த சங்கதி. அன்றைக்கு ஊர் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: ஓசை உள்ள வீட்டில் பெரியவர்களைக் கவனிக்க ஆள் இருக்கிறது. மகன் பெங்களூரிலிருந்து மாத்திரை அனுப்புகிறான், மருமகள் வேளை தவறாமல் கொடுக்கிறாள், இல்லாவிட்டால் ஓசை எங்கிருந்து வரும்? பெண் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திவிட்டு, உள்ளறையிலிருந்து கிழவர் நடமாடும் ஓசை கேட்கிறதா என்று காது கொடுத்தார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி மணியைக் கொஞ்சம் பலமாக ஆட்டப் பழகிக்கொண்டார். டவுன் பஸ் கண்டக்டர் பின்னால் கடகடத்தால் திரும்பிப் பார்க்காமலே, பெரியவருக்கு எந்திரிச்சு இடம் குடுங்க சாமி என்றார். இப்படியாக அது ஊர் வழக்கத்தில் ஒன்றாகிவிட்டது.

தெய்வாத்தாளுக்கு இதில் மற்றவர்களைவிடப் பெருமை அதிகம், காரணமும் உண்டு. அவள் அருமைக்காரி. கல்யாணங்களில் சீர் செய்து, அறுகம்புல்லை எண்ணெயில் தொட்டு மணமக்கள் தலையில் வைத்து வாழ்த்துகிற உரிமை ஊரில் நினைத்தவர்களுக்கெல்லாம் வாய்த்துவிடாது, பிள்ளைகுட்டி பெற்று, கட்டியவனோடு நிறைவாக வாழ்கிற பெண்ணுக்குத்தான் அது, கட்டியவன் கண்ணை மூடினால் மறுநாளே அது இன்னொருத்தி கைக்குப் போய்விடும். சுற்றுப்பட்டு ஊர்களில் அவள் கைபடாமல் தாலி ஏறிய பெண்கள் குறைவு. அவள் மேடையில் சீர் செய்யும்போது முன்வரிசை நாற்காலியில் சென்னியப்பன் உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்தபடியே லேசாகக் கடகடப்பார், கேட்கிறவர்களுக்கு மனசு நிறைந்துவிடும்.

அந்த நாற்காலியில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதை ஊர் பார்க்கவில்லை, அவள் பார்த்தாள். தலை தொங்கியிருக்கும். வாயோரம் எச்சில் வழியும், அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி ஏறுவாள். வேட்டி நனைந்துவிடும் என்று அடியில் ரப்பர் துணி விரித்திருப்பாள். மூன்று வேளையும் உள்ளங்கை நிறைய மாத்திரை, கலர் கலராக, கல்யாண வீட்டு மிட்டாய்த் தட்டு மாதிரி. காலையில் எழுந்ததும் அவளைப் பார்த்து, யாரம்மிணி நீ என்று மரியாதையாகக் கேட்பார். வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். நம்பினாலும், ஒவ்வொரு காலையும் அந்தக் கேள்விக்குத் தன் பேரைச் சொல்லிவிட்டு, அங்கே நிற்காமல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இத்தனை மாத்திரையும் பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தவை. தங்கமான மனுஷர், கைராசிக்காரர், எழுதத் தெரிந்தவர், எழுதியதை அடிக்கத் தெரியாதவர். யார் என்ன சொன்னாலும் ஒன்று சேர்ப்பார், சேர்த்த எதையும் எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது, எடுத்தால் நோயாளி மனசு சங்கடப்படுமே என்று அவருக்கு ஒரு பயம். கடைசியில் அவரே நன்றாகக் கடகடத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அந்தக் கிளினிக்குக்கு இளமதி என்கிற சின்ன வயசு டாக்டர் வந்து சேர்ந்த சமயத்தில்தான் சென்னியப்பன் குளியலறையில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார்.

தையல் போட்டு முடித்ததும் இளமதி ஸ்டெதஸ்கோப்பை அவர் வயிற்றில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவேயில்லை. கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுகிறவள் போலக் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி மாற்றிக் கேட்டாள், வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கிற அளவுக்குக் கேட்டாள். பிறகு மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னாள். இந்தச் சிவப்பு ரத்தக்கொதிப்புக்கு, சரி, ஆனால் இவ்வளவு வேண்டாம், இது கூடிப்போய்த்தான் கால் வீங்கியிருக்கிறது, கால் வீக்கத்துக்கு இந்த வெள்ளை, வெள்ளையால் ஓயாமல் மூத்திரம், மூத்திரத்தை அடக்க இந்த மஞ்சள், மஞ்சளால் மறதியும் மயக்கமும், மயக்கத்துக்கு இது, மறதிக்கு இது, ராத்திரி தூக்கத்துக்கு இது என்று ஒவ்வொன்றையும் விரலால் தள்ளித் தள்ளி அவள் சொல்லிக்கொண்டு வந்தபோது, தெய்வாத்தாளுக்கு முதலில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, பிறகு மெல்லப் புரிந்தது, இதில் முக்கால்வாசியை நிறுத்தப்போகிறாள் என்று.

"அப்படீன்னா கையை விரிச்சுட்டீங்களா கண்ணு?" என்று கேட்டாள். அவள் அறிந்த வரையில் டாக்டர்கள் மாத்திரையை நிறுத்துவது ஒரே ஒரு கட்டத்தில்தான், அதற்குப் பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பால் ஊற்றுவதுதான் வழக்கம்.

இல்லை, இப்போதுதான் கையைப் பிடிக்கிறேன் என்றாள் இளமதி. ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது, ஒவ்வொன்றாக, பாதி பாதியாகக் குறைப்போம், வாராவாரம் நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றாள். சொன்னபடி வந்தாள். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அவர் வயிற்றில் காது வைத்துவிட்டுப் போனாள்.

மஞ்சள் குறைந்த மாதம் சென்னியப்பன் பகலில் கண் விழித்திருந்தார். தூக்க மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றபோது சில நாள் புரண்டு புரண்டு படுத்தார், பிறகு தானாகவே தூங்கினார். ரப்பர் துணியை மடித்துப் பரணில் வைத்தாகிவிட்டது. கொள்ளுப் பருப்பு கடைந்து போடு என்று கேட்டுச் சாப்பிட்டார். ஒரு நாள் காலையில் தெய்வாத்தாள் காபியோடு போய் நின்று, வழக்கமான கேள்விக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தபோது, அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏந்தெய்வா, என்னைக் கேக்காம அந்தக் காரி எருமைய வித்துப்போட்டயே" என்றார்.

எருமையை விற்றது அவர்கள் மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில். அதற்காக இருவரும் அப்போது ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். தெய்வாத்தாள் காபியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே, அது பால் கறக்கவில்லை, அதான் விற்றேன் என்று சண்டைக்குப் போனாள். அவரும் விடவில்லை, மத்தியானம் வரை அந்தச் சண்டை நடந்தது. அவள் ஆயுசில் அத்தனை சந்தோஷமான சண்டை போட்டதில்லை.

ஓசை அடங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் முற்றிலும் நின்றது. சிவப்பு மட்டும் பாதியளவில் மிஞ்சியது, அது வேண்டிய மாத்திரை, பேசாமல் கரைந்தது. வீட்டில் அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரியாமல் தெய்வாத்தாள் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது, அவர் பதில் சொன்னார், அதுவே அவளுக்கு ஒரு புது விளையாட்டாக இருந்தது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனார். காய் ஆட்டிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கவில்லை. ஓசையில்லாமல் அவர்கள் பக்கத்தில் போய் நின்று பேசியபோதும் தூக்கவில்லை, ஒருத்தி மட்டும், ஏதோ குளிர்ந்த காற்று அடித்த மாதிரி இருக்கிறது என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பூக்காரி வாசலில் நிற்காமல் போனதைத்தான் தெய்வாத்தாள் முதலில் கவனித்தாள். கூப்பிட்டதற்கு அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, வரேனுங்க என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரி ஒரு தூக்கில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு வைப்பது போல. டீக்கடையில் சென்னியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார், அவர் மேலேயே ஒருவர் உட்காரப் பார்த்தார், எழுந்து நகர வேண்டியதாயிற்று. யாருக்கும் அவர் மேல் கோபமில்லை, வெறுப்புமில்லை. செத்தவரை எப்படி மரியாதையாக நினைப்பார்களோ அப்படி நினைத்தார்கள், நல்ல மனுஷர், கடைசிக் காலத்தில் மாத்திரை மருந்துகூட நிறுத்திவிட்டார்களாம் என்று உச்சுக்கொட்டினார்கள். கொப்பரை வியாபாரிகள் சங்கத்தார் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அவர் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஒன்று கட்டினார்கள். சென்னியப்பன் அதற்கு முன்னால் கைகட்டி நின்று முழுவதும் வாசித்தார். வீட்டுக்கு வந்து, "மீசையைக் கருப்பாப் போட்டுட்டாங்க புள்ள, நல்லாத்தான் இருக்குது" என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தை பிறந்தது. கல்யாண மாதம். வெற்றிலை பாக்குத் தட்டோடு ஒருவரும் தெய்வாத்தாள் வீட்டுப் படி ஏறவில்லை. மேற்குத் தெரு ருக்குமணி சீர் செய்யப் போகிறாள் என்று காதில் விழுந்தது, அவள் புருஷன் நாள் முழுக்கக் கடகடக்கிற காய். ருக்குமணிக்குக் கங்கணம் கட்டுகிற முறைகூடச் சரியாகத் தெரியாது. அது போகட்டும். தெய்வாத்தாளைத் தின்றது வேறு, அவள் தம்பி பழனிச்சாமியின் மகள் கௌசல்யா. தாயில்லாத பெண். தெய்வாத்தாள் இடுப்பில் சுமந்து வளர்த்த குழந்தை. உன் கல்யாணத்துக்கு என் கையால்தான் சீர் என்று பல்லு முளைக்காத வயசிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள்.

பழனிச்சாமி வந்தான். நிலைப்படிக்கு வெளியே நின்றான், உள்ளே வரவில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவது போலத் திரும்பிவிடலாமா என்று யோசிக்கிற முகம். கல்யாணம் வருகிற வெள்ளிக்கிழமை, சீருக்கு ருக்குமணியிடம் சொல்லியிருக்கிறது, நீ பின்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்றான்.

"மச்சான் இல்லாத வூட்டுல, நா என்னக்கா பண்றது?" என்றான்.

அவனுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில், சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "மாப்ள, இங்கதான இருக்கறேன்" என்றார். பழனிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்கு நிஜமாகவே கேட்கவில்லை, அதுதான் தெய்வாத்தாளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் நேரே கிளினிக்குக்குப் போனாள். வாசல் பெஞ்சில் ஒருவரும் இல்லை. ஓசையை எடுக்கிற டாக்டர் என்று பேராகி, ஜனங்கள் டவுனுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். இளமதி தனியாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்கு மட்டும், ஓசைக்கு மட்டும் ஏதாவது கொடுக்கக் கூடாதா என்று தெய்வாத்தாள் கேட்டாள், ஒன்றும் செய்யாத வெறும் மாத்திரையாக இருந்தால்கூடப் போதும் என்றாள். வேறு இரண்டு பேருக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்ததாகவும், அது சத்தமே போடவில்லை என்றும் இளமதி சொன்னாள். உடம்பைக் கெடுக்கிறதுதான் கடகடக்கிறது, கெடுக்காதது கடகடப்பதில்லை, நான் என்ன செய்ய என்றாள்.

"ஐயாவுக்கு இப்ப உங்களைத் தெரியுதில்லீங்கம்மா?" என்று கேட்டாள்.

"தெரியுது."

"மறுபடியும் அதையெல்லாம் போட்டா அது போயிரும். போயிட்டா, இந்தத் தடவை திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது."

தெய்வாத்தாள் தலையாட்டினாள். பாதி ஆரஞ்சைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அந்தப் பெண்ணின் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது, ஒரு குற்றமும் இல்லாதவள் மேல் வருகிற கோபம்.

பழைய மாத்திரைகளை அவள் தூக்கி எறியவில்லை. எந்த வீட்டில்தான் எறிகிறார்கள். மஞ்சளையும், மயக்கத்துக்கானதையும், தூக்கத்துக்கானதையும் அம்மியில் வைத்து நுணுக்கப் போனவள், தூளானால் ஓசை வராது என்று நினைவு வந்து, முழுசாகவே மோர்ச் சோற்று உருண்டைக்குள் பொதிந்து வைத்தாள். சென்னியப்பன் முதல் வாயை வாங்கினார். மெல்லவில்லை. நாக்கால் துழாவி மாத்திரையைக் கண்டுபிடித்து, துப்பாமல், கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"கௌசல்யா சீர் எப்ப?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழமைங்க."

"அதுக்குள்ள ஓசை வந்துருமா?"

கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திப்போடறேனுங்க என்று எப்படியோ சொன்னாள், சத்தியம் பண்ணினாள், மாரியம்மன் பேரைச் சொன்னாள். அவர், சோத்துக்குள்ள எதுக்குப் புள்ள ஒளிச்சு வெக்கறே, தண்ணியக் கொண்டா என்றார். கையை நீட்டினார். அவள் எல்லாவற்றையும் அந்தக் கையில் வைத்தாள். விழுங்குவதற்கு முன்னால் அவர் அவளை ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஏனுங்க என்றாள், ஒன்றுமில்லை, சும்மாதான் என்றார்.

ஓசை வந்துவிட்டது. முதலில் லேசாக, பிறகு பழையபடி. தெரு முதலில் கேட்டது, பிறகு ஊர் கேட்டது. பூக்காரி வாசலில் நின்று, முழம் என்ன, ரெண்டு முழமே வையுங்கள் அக்கா என்றாள். பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸை அவிழ்த்தவர்கள் அதைக் களத்தில் காய் மூடப் பயன்படும் என்று கொண்டுபோனார்கள். பழனிச்சாமி இந்த முறை நிலைப்படி தாண்டி உள்ளே வந்து, மச்சான் காலைத் தொட்டுக் கும்பிட்டு, வெற்றிலை பாக்குத் தட்டை அக்கா கையில் வைத்தான். ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. செத்தவர் திரும்பிய மாதிரிகூட அவர்கள் பேசவில்லை, ஊருக்குப் போனவர் திரும்பிய மாதிரி, எப்ப வந்தீங்க என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. தெய்வாத்தாள் சீர் செய்தாள். கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அறுகம்புல்லை எண்ணெயில் தொட்டுக் கௌசல்யாவின் தலையில் வைத்தபோது அந்தப் பெண் நிமிர்ந்து, அத்தை என்று மட்டும் சொல்லி அழுதாள், தெய்வாத்தாளும் அழுதாள், ஆனந்தக் கண்ணீர் என்று எல்லோரும் சொன்னார்கள், பாதி அப்படித்தான். முன்வரிசையில் சென்னியப்பன் கடகடத்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளிகளில் அந்த ஓசை மண்டபம் முழுக்கக் கேட்டது. போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் அவரைக் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடைக்கே வந்து, சித்திரையில் தன் பேத்திக்கும் அவள்தான் சீர் செய்ய வேண்டும் என்று தட்டை நீட்டினார். தெய்வாத்தாள் ஒரு கணம் கீழே நாற்காலியைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

பந்திக்குப் போகும் முன் மணமக்களை அவரிடம் கூட்டி வந்தாள். அவர்கள் காலில் விழுந்தார்கள். சென்னியப்பன் யாரோ எடுத்து வைத்தபடி கையை அவர்கள் தலையில் வைத்திருந்தார். அவர்கள் போன பிறகு தெய்வாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள். அவர் தலையைத் திருப்பி அவளையே பார்த்தார். பட்டுச் சேலையை, பூவை, நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற கூச்சத்தோடு, சற்று முன்னால் குனிந்து, "அம்மிணி, என்ற வூட்டுக்காரியப் பாத்தீங்களா? சீர் செய்யப் போனா, இன்னும் காணோமுங்க" என்றார்.

"வந்துருவாங்க" என்றாள் தெய்வாத்தாள். மேடையிலிருந்து யாரோ அருமைக்காரம்மாவைக் கூப்பிட்டார்கள், அடுத்த சடங்குக்கு நேரமாயிற்றாம். அவள் மடியிலிருந்து மத்தியான மாத்திரைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.